அம்மா சொன்ன ஐந்து சொற்கள்

பலாங்கொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நான் ஆராய்ச்சியாளராகத் திரும்பிப் போனது வயதானவர்களின் ஞாபகத்தை அளப்பதற்கு. மறதி நோய் முற்றிவிட்டால் செய்யக்கூடியது குறைவு. அதற்கு முன்பே கண்டுபிடித்து, இரத்த அழுத்தம், சர்க்கரை என்று சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்தால் நோயைத் தள்ளிப்போட முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், பிள்ளைகள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் மேசை போட்டோம். ஐந்து சொற்களைச் சொல்வோம். வேறு சில கேள்விகள் கேட்டுவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொல்வோம்.

இரண்டாம் ஞாயிறு வரிசையில் நின்ற பெண்கள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அருகே போய்க் கேட்டேன். "கம்பளி, ஆறு, மணி, குடை, கத்தரிக்காய்." முதல் வாரம் வந்தவர்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"பெயிலானா பைத்தியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவீங்களாமே மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள்.

அப்படி எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை. கைவசம் இருந்த இரண்டாவது பட்டியலை எடுத்து என்னுடன் வந்த தோழியிடம் கொடுத்தேன்.

வரிசையில் நான்காவதாக என் அம்மா. சொந்தக்காரர்களை நான் சோதிக்கக் கூடாது. தோழிதான் கேட்டாள். அவளுக்குச் சளி பிடித்திருந்ததால் முகக்கவசம் போட்டிருந்தாள். நான் அடுத்த மேசையில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன், காதை மட்டும் அங்கே வைத்து.

"விளக்கு, மாடு, சீப்பு, மழை, தேங்காய். இப்ப நீங்க சொல்லுங்கம்மா."

அம்மா சிரித்தாள். "கம்பளி, ஆறு, மணி, குடை, கத்தரிக்காய்," என்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து.

தோழி மறுபடி சொன்னாள். அம்மாவும் மறுபடி அதையே சொன்னாள். என்ன கிழமை என்று கேட்டதற்கு, "நல்லாருக்கேன் புள்ள," என்றாள்.

என் கையிலிருந்த கருவி காட்டிய எண்ணை நான் எழுதவே இல்லை. புதிதாக ஒன்றையும் மனதில் வாங்க முடியாமல் போவது எதன் அறிகுறி என்று மற்றவர்களுக்கு விளக்குவது என் வேலை. மூன்று மாதமாகக் கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னவள், அடுப்பில் சோற்றைக் கருகவிட்டவள், வீட்டுக்குள்ளேயே இருந்தாள். வயது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவளை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். நான் அவளிடம் ஊர்களின் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தேன். பாதிக்குப் பதில் வரவில்லை.

அம்மாவின் பதில்களை எழுதியிருந்த சோதனைத் தாளை டாக்டர் பார்த்தார். பிறகு எழுந்து அம்மாவின் பின்னால் போய் நின்று, "ஹொந்தட எஹெனவத, அம்மே?" என்றார். அம்மா திரும்பவில்லை. சிங்களம் சரளமாகப் பேசுகிறவள். நன்றாகக் கேட்கிறதா என்ற கேள்வியே அவளுக்குக் கேட்கவில்லை.

"அம்மா என்ன வேலை செய்தார்?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

கொழுந்து பறிக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே இருபது வருடத்துக்கு மேல். சொல்லும்போதே எனக்குப் புரிந்தது. இத்தனை காலம் அவள் எங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறாள். தோழியின் உதடு முகக்கவசத்துக்குள் இருந்தது. காது மந்தமானால் மறதி நோய்க்கான வாய்ப்பு கூடும் என்று நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

"ஏம்மா சொல்லல?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"செவிடுன்னு சொன்னா, பேசுறதயே விட்டுருவாங்கல்ல புள்ள."

காது கேட்கும் கருவி வந்து ஒரு மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். ஐந்தில் மூன்று சொன்னாள். அது நல்லதா கெட்டதா என்று இப்போதே சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். எங்கள் ஆய்வில், கேள்விகளுக்கு முன்னால் எல்லோருக்கும் காதைச் சோதிக்க வேண்டும் என்று எழுதிச் சேர்த்தேன். ஏற்கெனவே குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களை மறுபடி அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மா சமைக்கும்போது நான் ஏதாவது சாக்குச் சொல்லி அங்கேயே நிற்கிறேன். உப்பை இரண்டு தரம் போடுகிறாளா, போட்டதை மறக்கிறாளா என்று பார்க்கிறேன்.

"என்னா புள்ள, என்னயவே பாத்துக்கிட்டு நிக்கிற? அந்த வெங்காயத்த உரி," என்றாள் நேற்று.

உரித்தேன்.