பாஸ்போர்ட்டுக்குள் வைத்த ரேம் சீட்டு

மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். வரும் வழியில் வாங்க வேண்டியதை எழுதி என் பாஸ்போர்ட்டுக்குள் வைப்பது மனைவியின் வழக்கம். போனில் அனுப்பினால் நான் பார்க்க மாட்டேன். பாஸ்போர்ட்டைத் திறக்காமல் எங்கே போய்விடுவேன் என்பது அவள் கணக்கு. இப்போதெல்லாம் எல்லையில் போனில் கியூஆர் கோடைக் காட்டினாலே போதும், பாஸ்போர்ட் பையிலேயே தூங்குகிறது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

தொழிற்சாலை வேலைக்கு நடுவே நாற்பது வயதில் பட்டப்படிப்பு படித்தாள் அவள். கடைசி செமஸ்டர். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆய்வறிக்கையை அனுப்பாவிட்டால் ஃபெயில்தான். அவளுடைய பழைய லேப்டாப்போ நாலு பக்கம் திறந்தாலே நின்றுவிடும். ரேம் கூட்டினால் சரியாகும் என்றார்கள். "நான் வாங்கிட்டு வரேன் லா" என்று மார்தட்டினேன்.

சிங்கப்பூர் சாமான்தான் உசத்தி என்பது என் எண்ணம். கடையில் இருப்பதிலேயே புதிய ரகமாகக் கேட்டு வாங்கினேன், டிடிஆர் ஃபைவ். சனிக்கிழமை காலை லேப்டாப்பின் முதுகைத் திறந்து அழுத்தினேன். ரேமின் வெட்டு ஓர் இடத்தில் இருந்தது, அது உட்கார வேண்டிய மேடு வேறு இடத்தில். இறங்கவே இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எந்த ரகம்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பாஸ்போர்ட்ல வச்சேனே, பாக்கலையா நீங்க?"

எடுத்துப் பார்த்தேன். லேப்டாப்பைத் தானே திறந்து, பழைய ரேமின் லேபிளைப் பார்த்து எழுதியிருந்தாள்: லேப்டாப் சைஸ், டிடிஆர் ஃபோர், 3200. கீழே இன்னொரு வரி: 'புரியலனா கூப்புடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.'

வெட்கமாகிவிட்டது. "வா, இங்கேயே ஸ்கூடாய் கடைத்தெருவுக்குப் போலாம்" என்றேன். மாணவர்கள் மொய்க்கும் கடையொன்றில் அவளே சீட்டை நீட்டினாள். வாங்கி வந்தது 'டக்'கென்று உட்கார்ந்தது. ஞாயிறு மத்தியானம் அறிக்கை போய்விட்டது.

இப்போதும் எல்லையில் யாரும் என் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை. வரிசையில் நிற்கும்போது நானாகத் திறந்து பார்க்கிறேன். பெரும்பாலும் தயிர், வெங்காயம். போன வாரம் வாங்க ஒன்றுமில்லை. 'பாஸ் பண்ணிட்டேன்' என்று மட்டும் எழுதியிருந்தாள். எனக்குப் பின்னால் மோட்டார்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தன.