ஆபீஸ் மெயில் பார்க்க வாங்கிய போன்

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. நடந்த இடம் திருவனந்தபுரம். நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண், கல்யாணத்துக்குப் பிறகு கரமனையில்தான் வாசம். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. இங்கே நானும் அப்போது எட்டு வயதான மகளும் மட்டும். கழக்கூட்டத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவமனைகளில் ஸ்கேன் இயந்திரம் ஏதாவது மக்கர் பண்ணினால் எங்களுக்கு மெயில் வரும். எந்த இன்ஜினீயரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று பார்த்து அனுப்பிவைப்பது என் பொறுப்பு.

ஒருநாள் மேனேஜர் எங்களையெல்லாம் கூப்பிட்டு, இனிமேல் வழியில் இருந்தாலும் சரி, அரைமணி நேரத்துக்குள் மெயிலுக்குப் பதில் போயாக வேண்டும், அதற்குத் தோதான போனாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். கம்பெனி வாங்கித் தருமா என்று ஒருவர் கேட்டார். மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பதில்.

என் பழைய போனில் மெயிலைத் திறப்பதற்குள் பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டிவிடும். அதனால் நானும் ஒரு சனிக்கிழமை பழவங்காடிக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். கண்ணாடி போடாமலே மெயிலைப் படிக்கிற அளவுக்குத் திரை பெரிதாக இருக்க வேண்டும், சார்ஜ் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். இந்த இரண்டும் ஆபீசுக்காக. மூன்றாவது ஒன்று எனக்காக. வெளிச்சம் குறைவான இடத்திலும் வீடியோ தெளிவாக எடுக்க வேண்டும்.

கடையில் இருந்தவர் திருநெல்வேலிக்காரர். நான் மெயில், சார்ஜ் என்று கேட்க, அவர் வேறொரு போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுல செல்ஃபி எடுத்தா முகம் பளிச்சுன்னு இருக்கும்க்கா" என்றார். பேச்சை மறுபடி சார்ஜுக்குக் கொண்டுவந்தேன். "சார் வரலியாக்கா? அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா நல்லது" என்றார். மாதத்தில் நானூறு மெயிலுக்குப் பதில் எழுதுவது நானா, சாரா என்று கேட்க நினைத்து, வாயை அடக்கிக்கொண்டு, நான்காவது கடையில் எனக்குப் பிடித்ததை வாங்கினேன். அன்றைக்கு என் கோபம் அவ்வளவு சின்னதாக இருந்தது.

வீடியோ எதற்கு என்று சொல்ல வேண்டும். என் மகளுக்கு அந்த வருடம் வலிப்பு தொடங்கியிருந்தது. கை கால் இழுத்துக்கொண்டு கீழே விழுகிற வலிப்பு இல்லை. பெரும்பாலும் விடிகாலையில் எழுந்து உட்காரும்போது வரும். பார்வை அப்படியே ஓரிடத்தில் நிற்கும், உதடு மெல்லுவதுபோல அசையும், விரல்கள் சட்டைப் பட்டனைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடுவாள். என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. இதில் இரண்டு மூன்று வகை உண்டாம், ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றை அதிகமாக்கிவிடுமாம். வாயால் சொன்னால் போதாது, ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்தே வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டு மருந்தை முடிவு செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த தேதி கிடைத்தது.

மூன்று மாதத்தில் அந்தப் புதுப் போனில் பதினொரு வீடியோ எடுத்திருந்தேன். பெற்ற குழந்தை அப்படி உட்கார்ந்திருக்கும்போது அணைத்துக்கொள்ளாமல் போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பது எப்படி இருக்கும் என்று என்னால் எழுத முடியாது. கணவருக்கு ஒன்றைக்கூட அனுப்பவில்லை. அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிற மனுஷன் இதைப் பார்த்துவிட்டு எப்படி வேலைக்குப் போவார்?

போன் வாங்கிய அடுத்த வேலை நாளிலேயே அதை ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தேன். அங்கே இருந்தவர் என் வயதுக்காரர், மலையாளி, எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசுகிறவர். மெயிலுக்கான ஆப்பை ஏற்றினார். சம்மதமா, சம்மதமா என்று போன் கேட்கக் கேட்க அவரே தட்டிக்கொண்டு போனார். படங்கள் தானாக வேறு இடத்தில் சேமிக்கப்படும் வசதியையும் நிறுத்தினார். ஆபீஸ் சமாசாரம் வெளியே போய்விடக் கூடாதாம். கடைசியில் ஒரு தாளை நீட்டினார். நான்கு பக்கம். பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். என் பக்கத்துத் தப்பு அது, மறைக்கப் போவதில்லை.

டாக்டரைப் பார்க்க வேண்டியது திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை, தம்பானூரிலிருந்து கழக்கூட்டம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீகாரியத்தில் வழக்கம்போல நெரிசல். கொல்லத்து மருத்துவமனை ஒன்றின் மெயிலுக்குப் பாதி பதில் எழுதியிருந்தேன். திடீரென்று திரை கறுத்தது. கொஞ்ச நேரத்தில் போன் தானாக உயிர் பெற்று, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. கடையில் பெட்டியைப் பிரித்த அன்றைக்குக் கேட்ட அதே கேள்வி.

எதையாவது தெரியாமல் அழுத்திவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். மொழியைக் கொடுத்து, கேட்டதையெல்லாம் கொடுத்து உள்ளே போனால் ஒன்றுமில்லை. ஒரு நம்பர் இல்லை, ஒரு படம் இல்லை. அந்த நேரம் பள்ளியிலிருந்து அழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் ஓடியது. பள்ளி நம்பர்கூட எனக்கு மனப்பாடம் இல்லை.

ஆபீசுக்குள் நுழைந்ததும் நேரே கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனேன். அவர் தன் திரையைப் பார்த்தார். கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே, "சேச்சி, ஒரு மிஸ்டேக் பற்றிப்போயி" என்றார்.

என்ன தப்பு என்றால், என் பெயரே கொண்ட இன்னொரு பெண் முந்தைய நாள் வேலையை விட்டுப் போயிருந்தாள். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர்தான் அது. வேலையை விட்டுப் போகிறவர்களின் போனை இங்கே உட்கார்ந்துகொண்டே முழுதாக அழித்துவிடுவார்களாம். மெயிலை மட்டும் அல்ல, மொத்தப் போனையும். அந்தப் பெண்ணுடையதை அழிக்கப் போய் என்னுடையதை அழித்துவிட்டார். அப்படி ஒரு பொத்தான் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"சாரமில்ல சேச்சி, பத்து மினிட்ல மெயில் திரும்ப செட் பண்ணித் தராம்" என்றார். சாரமில்ல என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லை என்று சொல்ல வேண்டியது நான் அல்லவா? அதையும் அவரே சொல்லிவிட்டார்.

ஆபீசில் நான் மலையாளம்தான் பேசுவேன். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வந்துவிடும். "எம் மகளுக்கு வலிப்பு வரும்போது எடுத்து வச்ச வீடியோ அதுல இருந்துச்சு. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட காட்டணும். அதைத் திருப்பிக் குடுங்க" என்றேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. என்னென்னவோ செய்து பார்த்தார், மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. ஒன்றும் திரும்பவில்லை.

மேனேஜரிடம் போனேன். அவர் நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டு, "பேடிக்கண்டா மேடம். ஆபீஸ் டேட்டா ஒண்ணும் போயிட்டில்ல. எல்லாம் சர்வரில் சேஃபா உண்டு" என்றார். ஆபீஸ் மெயில் போயிற்றே என்று நான் பயந்து வந்திருப்பதாக அவருக்கு எண்ணம். நான் மறுபடியும் மகளைப் பற்றிச் சொன்னேன். அவர் அந்த நான்கு பக்கத் தாளை வரவழைத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தேவைப்பட்டால் போனை அழிக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. கீழே என் கையெழுத்து.

என் பணத்தில் நான் வாங்கிய போன். அவர்களுடைய வேலைக்காக வாங்கிய போன். அதில் இருந்தது என் குழந்தை.

திங்கட்கிழமை டாக்டரிடம் வெறுங்கையோடு போகவில்லை. வகுப்பறையில் ஒருமுறை வந்தபோது டீச்சர் எடுத்த வீடியோ அவரிடம் இருந்தது, வாங்கிக்கொண்டு போனேன். அது பாதியில் தொடங்கியது. அதிலும் மகளின் முதுகுதான் தெரிந்தது. டாக்டரம்மா மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். "இத வச்சு மருந்து மாத்த எனிக்கு தைரியம் இல்ல. தப்பாப் போனா குட்டிக்குத்தான் கஷ்டம். கொஞ்சம் கூடி வெயிட் செய்யாம்" என்றார். இன்னும் நாலைந்து தடவை வரட்டும், ஆரம்பத்திலிருந்து எடுத்துவிட்டு வாருங்கள் என்று ஐந்து வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்.

அந்த ஐந்து வாரமும் விடிவதற்கு முன்னால் எழுந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு மகளின் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் கண் விழித்து, "எதுக்கும்மா என்னையே பாத்துக்கிட்டு இருக்க?" என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். ஒரு வாரம் முழுக்க ஒருநாளும் வரவில்லை. எந்தத் தாய்க்கும் அது சந்தோஷமான வாரம். நானோ ஏழாவது நாள் காலையில், இன்றைக்கும் வரவில்லையே என்று நினைத்தேன். ஒரு கணம்தான். நினைத்த பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதற்கிடையில் ஆபீசில் மெயில் ஆப்பைத் திரும்ப ஏற்றச் சொன்னார்கள். முடியாது என்றேன். வழியில் இருக்கும்போது மெயில் பார்க்க வேண்டுமென்றால் கம்பெனி ஒரு போன் தரட்டும் என்றேன். அப்படி ஒரு வழக்கம் இங்கே இல்லை என்றார் மேனேஜர். வழக்கம் இல்லையென்றால் ஆபீசை விட்டு இறங்கிய பிறகு மெயில் பார்க்கிற வழக்கம் எனக்கும் இல்லை என்றேன். மறுநாளே பொறுப்பில்லாமல் நடந்துகொள்வதாக மெமோ வந்தது. கூடவே, தலைமை அலுவலகத்துக்கு மேனேஜர் எழுதிய கடிதத்தின் நகலும் வந்தது. ஊழியரின் போனில் ஏற்பட்ட கோளாறினால் அவருடைய சொந்தப் படங்கள் சில அழிந்தன என்று அதில் இருந்தது. என் போனில் கோளாறாம்.

அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். போகிற வழியில் கம்ப்யூட்டர் பிரிவுக்காரரையும் வரச் சொன்னேன். என்னைப் பார்க்கவே கூசி, அந்த நாட்களில் அவர் வேறு பக்கமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "எம் போன்ல கோளாறு இருந்துச்சா?"

மேனேஜர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"இல்ல சார்" என்றார் அவர். "ஃபோனுக்கு ஒரு குழப்பமும் இல்ல. பேரு மாத்திரம் நோக்கி ஞான்தான் அழிச்சது. எம்ப்ளாயி நம்பர் நோக்கியில்ல." அன்று சாயங்காலமே அதைத் தலைமை அலுவலகத்துக்கு மெயிலாகவும் எழுதிப் போட்டார். அவருக்கும் ஒரு மெமோ வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது. தப்புச் செய்தவர் அவர். ஆனால் அந்தக் கட்டடத்தில் உண்மை சொன்னவரும் அவர் ஒருவர்தான்.

என் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் தங்கள் போனிலிருந்து அந்த ஆப்பைத் தூக்கினார்கள். பிறகு இன்ஜினீயர்கள் நாலைந்து பேர். இரண்டு மாதத்தில், வெளியே இருக்கும்போது மெயில் பார்க்க வேண்டியவர்களுக்கு எல்லாம் கம்பெனியே போன் வாங்கிக் கொடுத்தது. ஊழியர் நலனுக்காக என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தார்கள். ஏன் திடீரென்று நலன் நினைவுக்கு வந்தது என்று அதில் ஒரு வரியும் இல்லை. எனக்குக் கொடுத்த மெமோவை இன்றுவரை திரும்பப் பெறவும் இல்லை.

ஐந்து வாரத்தில் நான்கு வீடியோ கிடைத்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா மருந்தை மாற்றினார். அடுத்த மூன்று மாதத்தில் வலிப்பு குறைந்துகொண்டே வந்து நின்றது. இப்போது மகளுக்குப் பத்து வயது. விடிகாலையில் எழுந்து சண்டை போடுகிறாள், தலை பின்ன விட மாட்டேன் என்கிறாள். அந்தச் சண்டையை நான் ரசித்துக் கேட்கிறேன்.

இப்போதெல்லாம் வங்கியானாலும் பள்ளியானாலும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், பின்னால் எத்தனை பேர் நின்றாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். சீக்கிரம் மேடம் என்று அவசரப்படுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: பெற்ற மகளுக்கு வலிப்பு வரவில்லையே என்று ஒரு காலையில் என்னை ஏங்க வைத்துவிட்டு, உண்மையையும் மறைத்தவர்களில் ஒருவர்கூட இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவர்களை மன்னிக்க எனக்கும் மனம் வரவில்லை.