விரலை எடுத்தால் மறுபடி சுற்றும்

ராணி, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அவித்த முட்டையின் சூடு... இன்னும் என் மடியிலேயே இருக்கிற மாதிரி இருக்கிறது. நம் திண்டிவனம் பள்ளிக்கூடத்துக்கு நான் கடைசியாகப் போன நாள் அது. நீ காய்ச்சலில் கிடந்தாய். நான் சார் மேல் முட்டையை எறிந்தேன் என்று உன்னிடம் சொன்னார்களாமே. பொய்!

அதற்கு முந்தின நாள் சயின்ஸ் சார், அணுவுக்குள் புரோட்டான் பம்பரம் மாதிரி சுழல்கிறது, அந்தச் சுழற்சி ஓய்வதே இல்லை என்றார். புரோட்டானுக்குள்ளும் இன்னும் சிறிய மூன்று துகள்கள் இருக்கலாம் என்று லைப்ரரியில் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். எழுந்து கேட்டேன்.

"சார், அப்ப அது சுத்தறது, உள்ள இருக்கறதுங்க சுத்தறதாலயா?"

"உள்ள ஒண்ணும் கெடயாது. குந்து."

"அப்ப எதுதான் சார் சுத்துது?"

"ஒங்கப்பன் மண்டியில மல்லாட்ட மூட்ட தூக்கிக்கினு கீறான். ஒனக்கு புரோட்டான் வவுத்துல இன்னா கீதுன்னு தெரியணுமா?"

அப்பா வேர்க்கடலை மூட்டை தூக்குவதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் இரண்டு முட்டை கொண்டுபோனேன். ஒன்று அவித்தது, ஒன்று பச்சை. அவர் மேசையிலேயே சுற்றிவிட்டேன். அவித்தது விர்ரென்று சுற்றியது; விரல் வைத்ததும் நின்றுவிட்டது. பச்சை முட்டை தள்ளாடிச் சுற்றியது. அதையும் விரலால் நிறுத்தி, உடனே விரலை எடுத்தேன்.

தானாகவே மறுபடி சுற்றியது, ராணி! ஓடுதான் நின்றது. உள்ளே இருந்தது நிற்கவில்லை.

"புரோட்டானும் இப்பிடி இருக்கலாம் இல்லீங்களா சார்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்கேலை என் கைமேல் ஓங்கினார். நான் கையை இழுத்துக்கொண்டேன்; அது பச்சை முட்டையில் விழுந்து, அவர் வேட்டியெல்லாம் மஞ்சள்.

அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். "பொட்டப் புள்ளைக்கு இவ்ளோ வாய் ஆவாது. ஜல்தியா ஒருத்தன் கையில புடிச்சிக் குடு."

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வார்த்தை!

அப்போது எனக்கு ஜன்னலோரத்தில், உன் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. இப்போது விழுப்புரத்தில் அத்தை வீட்டு அடுப்படி. விடிந்தால் கெடார் கிராமத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

"வாயத் தொறக்காம நில்லுடி, அது போதும்" என்கிறாள் அத்தை.

திறப்பேன். எல்லோர் முன்னாலும் "நான் படிக்கணும்" என்று சொல்வேன். அடித்தாலும் சொல்வேன். இவர்கள் நிறுத்தியது பள்ளிக்கூடத்தைத்தான். உள்ளே

அத்தை கதவைத் தட்டுகிறா—