கனகசபை எந்தத் தமிழில் நினைத்தார்?

சவரக் கத்தியைக் கன்னத்தில் இழுத்தபடியே கனகசபை கண்ணாடிக்கு ஒரு வாக்கியம் சொல்கிறார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு சிங்களத்தில், கடைசியில் தமிழில். பதுளை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் காலைத் தேகப்பயிற்சி இது. கத்தி கீறினால் மட்டும் "ஐயோ அம்மா!" அதற்கு மொழிபெயர்ப்பு கிடையாது.

"நித்திரையிலை இங்கிலீசிலை சத்தியம் வாங்கிறியள், சிங்களத்திலை ஆக்களைக் கூப்பிடுறியள். உண்மையாய் எந்தப் பாஷையிலையப்பா யோசிக்கிறியள்?" என்பாள் மனைவி செல்வநாயகி.

"நான் யோசிக்கிறேல்லை. காதாலை வந்தது வாயாலை போகுது. யோசிச்சால் உத்தியோகம் கெட்டுப்போம்!"

இந்தப் பதிலில் அவருக்கு மகா பெருமை; கோர்ட்டிலும் இதையே சொல்வார். சாட்சி அழுதால் இவர் குரலும் தழுதழுக்கும். சாட்சி விரலை நீட்டிச் சவால் விட்டால், இவரும் நீதவானுக்கு நேரே விரலை நீட்டிவிடுவார். பதினெட்டு வருஷத்தில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி வாங்கியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

சென்ற ஐப்பசி மழையில் வந்தது வினை. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி அழகர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும், வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையைக் கெட்ட வார்த்தையால் திட்டினார் என்று வழக்கு. குற்றம் நிரூபணமானால் தோட்டத்துத் துரை பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார். வேலை போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். மூன்று பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அழகரின் மனைவி வடிவம்மா சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

அன்று காலை அழகர் கணக்கப்பிள்ளையை என்ன செய்தார் என்பது கேள்வி.

"பேசினாருங்க. வேற ஒன்னும் செய்யலீங்க."

'திட்டினார்' என்று கனகசபையின் ஆங்கிலம் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்தது. நீதவானின் பேனா ஓடியது. அழகரின் வக்கீல் தலையில் கைவைத்தார். ஆங்கிலம் அறியாத வடிவம்மா, சரியாகத்தான் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியில் புருஷனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

என்ன சொல்லித் திட்டினார் என்று கேட்டார் நீதவான்.

"என்ன சொல்லிப் பேசினவர், பிள்ளை?"

"ரெண்டு நாளா காம்பரா ஒழுகுதுங்க, புள்ளைங்க நனையுது, ஒரு தகரம் போட்டுத் தாங்கன்னு பேசினாருங்க."

கனகசபை வாயைத் திறந்தார். இதில் திட்டு எங்கே இருக்கிறது? அப்போதுதான் உறைத்தது. அவர் பிறந்த சாவகச்சேரியில் மனிதர்கள் கதைப்பார்கள். கோபம் வந்தால்தான் பேசுவார்கள்; அங்கே பேச்சு என்றால் திட்டு. இங்கே மலையிலோ வாய் திறந்து சொல்வதெல்லாம் பேச்சு. இத்தனை வருஷம் இந்த மலையின் தண்ணீரைக் குடித்தும், காது மட்டும் சாவகச்சேரியிலேயே உட்கார்ந்திருக்கிறது!

சாட்சி மாற்றிச் சொல்கிறாள் என்று விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. பதினெட்டு வருஷப் பேரும் தப்பியிருக்கும். அவருக்கும் அந்த ஆசை ஒரு கணம் வந்தது, பொய் சொல்வானேன். வடிவம்மாவோ இவர் முகத்தையே நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கனம் ஐயா, பிழை என்னுடையது," என்றார் ஆங்கிலத்தில். "சாட்சி சொன்னது தோட்டத் தமிழ். நான் யாழ்ப்பாணத் தமிழில் நினைத்துவிட்டேன்."

"நீர் நினைப்பதே இல்லை என்றல்லவா கேள்விப்பட்டேன்?" என்றார் நீதவான். கோர்ட்டே சிரித்தது. கணக்கப்பிள்ளை மட்டும் கூரையைப் பார்த்தார். 'திட்டினார்' என்று எழுதியிருந்த பழைய வரி அடிக்கப்பட்டது. பிற்பகலில் அழகர் விடுதலையானார்.

வெளியே மழை விட்டிருந்தது. வடிவம்மா கைகூப்பிக்கொண்டு வந்தாள். "ஐயா, எங்களுக்காக நல்லா பேசினீங்க!"

கனகசபைக்கு முகம் சுருங்கியது, மறுகணம் விரிந்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையைக் காதருகே குவித்து, அவள் பக்கமாகக் குனிந்தார்.

"இன்னொருக்கால் சொல்லு, பிள்ளை."