கரிக்கலாம்பாக்கத்து எலும்பு டாக்டரம்மா

எங்க டாக்டரம்மா ஜெயசித்ராவப் பத்தி ஊர்ல ஒண்ணு சொல்றாங்க: "ஊசி போட்டா கைராசி, கத்தி எடுத்தா விளங்காது." சொல்றவங்க வாயில மண்ணு விழ! கரிக்கலாம்பாக்கத்துல அவங்க மாட்டாஸ்பத்திரி தொறந்த நாள்லேந்து கூட நிக்கிறவ நான், சகாயராணி. மாட்டைப் புடிக்கிறது, காயம் கழுவுறது, கடிக்கிற நாய்க்கு வாயைக் கட்டறது எல்லாம் என் வேலை. நடந்தது எனக்குத் தெரியும். கேளுங்க.

அவங்க கிருமாம்பாக்கத்து கரும்புக்காரர் குழந்தைவேல் ஐயாவோட பொண்ணு. "பொட்டப்புள்ளைக்கு மாட்டு டாக்டர் படிப்பா?"ன்னு சொந்தக்காரங்க சிரிச்சப்ப, வீம்புக்கு நின்னு படிக்க வெச்சது அந்த அப்பாதான். அதையும் சொல்லிடறேன், இல்லாட்டி சாமி கண்ணைக் குத்தும். சினை ஊசி, வயிறு உப்புசம், நாய்க்குத் தடுப்பூசின்னு கூட்டம் நல்லாத்தான் வந்துச்சி.

ஆனா கால் ஒடிஞ்ச மாடு வந்தா மட்டும் அவங்க மொகம் செத்துப்போவும். கடலூர் ரோட்டுல பஸ்ஸு பறக்குற பறப்புல மேயப் போனது எதுனா அடிபட்டுக்கிட்டேதான் இருக்கும். மூங்கில் பத்தை வெச்சிக் கட்டி அனுப்புவோம். நின்னா நிக்கும், இல்லாட்டி அடிமாட்டு வண்டி. "எலும்பு ஒடிஞ்சதுக்கு உசுரு எதுக்கு ராணிக்கா போவணும்?"னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அப்புறம் மெட்ராஸுக்குப் போயி எலும்பு ஆப்பரேஷன் கத்துக்கிட்டு வந்தாங்க. துளை போடற மிஷின், ஒடிஞ்ச எலும்பைச் சேத்து முடுக்கற பிளேட்டு, எக்ஸ்ரே எல்லாம் வந்து எறங்குச்சி. பின்னாடி ரூமு ஆப்பரேஷன் ரூமாச்சி. ஆனா ஒருத்தரும் மாட்டைக் குடுக்கல. "வூட்ல கேட்டுக்கிட்டு வரோம்மா"ன்னு நழுவிடுவாங்க. மொத கேஸு நின்னு காட்டணும், அப்பத்தான் ஊரு நம்பும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

அந்த மொத கேஸு அவங்க அப்பா வூட்டுலேந்தே வந்துச்சி. மார்கழி மாசம், செவலை கெடேரிக் கன்னுக்குட்டி. பைக்குக்காரன் இடிச்சி பின்னங்கால் எலும்பு ரெண்டா போயிருந்துச்சி. ஐயாவே வண்டில ஏத்திக்கிட்டு வந்து, "உன் கையால பண்ணும்மா"ன்னாரு. நான் கன்னு தலையை மடியில வெச்சிக்கிட்டேன். அவங்க பிளேட்டை வெச்சி திருகாணியை ஒண்ணொண்ணா நிதானமா முடுக்கினாங்க. கொஞ்ச நாள்ல கன்னு காலை ஊனிச்சி. எங்க டாக்டரம்மா கதவைச் சாத்திக்கிட்டு சந்தோஷத்துல அழுதாங்க.

அப்பாகிட்ட தலைபாடா அடிச்சிக்கிட்டாங்க. "தை முடியிற வரைக்கும் கொட்டாயை வுட்டு வெளிய வுடாதீங்கப்பா. நடக்குதேன்னு ஏமாந்துடாதீங்க. எலும்பு இன்னும் கூடல, பிளேட்டுதான் தாங்குது." அவரும் "சரிம்மா, சரிம்மா"ன்னு தலையை ஆட்டினாரு.

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு பாகூர்ல ஒரு மாடு கன்னு போட முடியாம கெடக்குதுன்னு டாக்டரம்மாவைக் கூப்பிட்டுட்டாங்க. கன்னுக்குக் கட்டு மாத்த என்னை அனுப்பினாங்க. போயி பாத்தா, கட்டைப் பிரிச்சிப் போட்டு, குளத்துல குளிப்பாட்டி, மஞ்சா குங்குமம் வெச்சி, மாலையும் போட்டு, மத்த மாடுங்களோட தெருவுல நிறுத்தி வெச்சிருக்காரு அந்த மனுஷன்.

"ஐயோ, இன்னா வேலை ஐயா பண்றீங்க! உள்ள கட்டுங்க!"ன்னு கத்தினேன்.

"நல்ல நாளும் அதுவுமா ஒரு உருப்படிய கொட்டாயில கட்டிப்போட்டா பட்டி விளங்குமா? அதான் நல்லா நடக்குதே. சர்ச்சுக்குப் போறவ நீ, எங்க வழக்கம் உனக்கு இன்னா தெரியும்?"னாரு.

"பொங்கலோ பொங்கல்"னு தட்டைத் தட்டினாங்க. எவனோ பட்டாசைக் கொளுத்திப் போட்டான். மாடுங்க பிச்சிக்கிட்டு ஓட, கன்னும் ஆத்தா பின்னால ஓடிச்சி. காஞ்ச கரும்பை முறிச்ச மாதிரி ஒரு சத்தம். பிளேட்டு புட்டுக்கிட்டு எலும்பு வெளிய வந்துடுச்சி.

மத்தியானம் டாக்டரம்மா அலறியடிச்சிக்கிட்டு வந்தாங்க. தெரு மண்ணுல உக்காந்து காலைத் தடவிப் பாத்துட்டு, "இன்னொரு தபா பண்ணிடறேம்பா, காப்பாத்திடலாம்"னு கெஞ்சினாங்க. "போதும்மா உன் வித்தை. வாயில்லா ஜீவனை வதைக்காத"ன்னுட்டாரு. மறுநாள் காணும் பொங்கல். நாங்க மருந்து கம்பி எல்லாம் எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள கன்னை அடிமாட்டு வண்டில ஏத்திட்டாரு. கட்டிப்போட்டா பாவமாம், வெட்டுக்கு அனுப்பினா பாவம் இல்லியாம். இது எந்த ஊரு நியாயம்?

அதோட வுட்டாரா? பால் சொசைட்டியில நின்னுக்கிட்டு, "எம்பொண்ணு பண்ண ஆப்பரேஷன் நிக்கல. ஒழுங்கா பண்ணியிருந்தா, நாலடி ஓடினதுக்கு ஒடியுமா?"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு. வெளிய வுடாதன்னு பொண்ணு சொன்னதை மட்டும் முழுங்கிட்டாரு. பெத்தவனே சொல்லிட்டா ஊரு நம்பாம இன்னா பண்ணும்?

"நான் போயி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கறேன்"னு கெளம்பினேன். "வேணாம் ராணிக்கா. எங்கப்பா ஊர் முன்னாடி தலை குனியக் கூடாது. என் பேரு போனா போவட்டும்"னாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. அப்பா மேல பாதி, இவங்க மேல பாதி.

மாசியில தனக்கொடி வந்தா. கூலி வேலைக்குப் போறவ. அவகிட்ட இருந்தது ஒரே வெள்ளாடு, அதுவும் சினை, முன்னங்கால் ஒடிஞ்சிருந்துச்சி. அம்மா எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, "சுளுவாக் கூடிடும் தனக்கொடி. கம்பி வெச்சிடறேன், எனக்கு நீ ஒண்ணும் தர வேணாம்"னாங்க.

அவ ஆட்டை மாரோட அணைச்சிக்கிட்டா. "கோச்சுக்காதம்மா. சொந்த வூட்டுக் கன்னுக்கே நிக்கலன்னு உங்கப்பாவே சொல்றாரு. என் ஆட்டுக்கு எப்படிம்மா நிக்கும்?"

நான் வாயைத் தொறந்தேன். அம்மா என் கையைப் புடிச்ச புடியில நகம் பதிஞ்சிடுச்சி. தனக்கொடி ஆட்டைத் தூக்கிக்கிட்டு நேரா கறிக்கடைக்கு நடந்தா, வயித்துல குட்டியோட.

அன்னிக்கு சாயந்தரமே குழந்தைவேல் ஐயா வந்தாரு, மாட்டுக்குப் பூச்சி மருந்து வேணும்னு. டாக்டரம்மா எடுத்துக் குடுத்தாங்க. போறப்ப பின்னாடி ரூமை எட்டிப் பாத்தாரு.

"அந்த மிஷினை எதுக்கும்மா சும்மா வெச்சிக்கிட்டுக் கஷ்டப்படற? யாரு வரப்போறா? வித்துடும்மா"ன்னாரு. பொண்ணு மேல இருக்கற அக்கறையிலதான் சொன்னாரு, பாவி மனுஷன். அதைத்தான் என்னால தாங்கவே முடியல.

"சரிப்பா"ன்னாங்க டாக்டரம்மா.