நிலைப்படிக்கு வாங்கிய மஞ்சள்

வீடு பார்க்கப் போகும் முன் பெரியபாளையத்தில் இறங்கி அம்மனைக் கும்பிட வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். எழுபதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் வேலை நிரந்தரமாகியிருந்தது. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரம்மா காலையில் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு, பிறகு அதன் கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். நினைத்தபோது திறக்கிற மாதிரி எனக்கென்று ஒரு குழாய் வேண்டும். அம்மனிடம் நான் கேட்டது அவ்வளவுதான். வீடு அமைந்தால் நிலைப்படியில் பூசலாம் என்று கோயில் மஞ்சள்தூளை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வீட்டை விற்கிறவர் ஒரு பெரியவர். மனைவி இறந்துவிட்டாள், ஆரம்பாக்கத்தில் மகளோடு இருக்கப் போகிறார். எங்களுக்கு அவரே காபி போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கதவைத் தட்டித் தட்டி, "தேக்குமே, தேக்கு" என்று பூரித்துக்கொண்டிருந்தார். நான் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் சோவென்று கொட்டியது. மனசு அங்கேயே குடியேறிவிட்டது.

திரும்பும்போதுதான் அதைப் பார்த்தேன். குளியலறையை ஒட்டிய சுவரில் ஒரு காலண்டர், முழங்கால் உயரத்தில். தவழுகிற குழந்தைகூட அந்த வீட்டில் இல்லை. காலண்டரை விலக்கினேன். புதுச் சுண்ணாம்புக்கு அடியில் சுவர் ஈரமாக ஊறிக் கிடந்தது.

பெரியவர் தலையைச் சொறிந்தார். "மழ ஈரம்னு நெனச்சிக்கினேம்மா. பாக்கறவங்களுக்கு அசிங்கமா கீதேன்னு மாட்டிட்டேன்."

மழை விட்டு மாசக்கணக்காகிறது. குளியலறைத் தண்ணீர்தான் வேறெங்கோ போகிறது என்று எனக்குப் பட்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சளில் ஒரு பிடியைக் குளியலறையின் தண்ணீர் போகும் ஓட்டையில் கொட்டினேன்.

"இன்னா பண்ற நீ? அம்மன் மஞ்சள சாக்கடைல கொட்ற" என்று பதறினார் என் வீட்டுக்காரர்.

"இந்த ஊட்ட ஆத்தாகிட்டதானே கேட்டேன்? அவளே பாத்துச் சொல்லட்டும்" என்றேன்.

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மஞ்சள் வருகிறதா என்று தெருச் சாக்கடையோரம் போய் நின்றேன். மஞ்சள் வரவே இல்லை. வரணும், வரணும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்; அந்த வீடு எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. அப்போது பெரியவர் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார். கிணற்றின் உள்சுவரில் இரண்டு சிமெண்ட் உறைகளுக்கு நடுவிலிருந்து ஒரு மஞ்சள் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.



"இந்தத் தண்ணிலதான் காபி போட்டேன்" என்றார் பெரியவர். என் வீட்டுக்காரர் கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர், "ஆத்தா வேணாம்னுட்டா" என்று புலம்பினார். கோளாறைக் காட்டினாளே தவிர வேண்டாம் என்று எங்கே சொன்னாள்? பைப்பை மாற்றினால் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் நான் வந்திருந்தேன். ஆனால் பயம் இருந்தது. அடுத்த ஞாயிறு வேறு ஒருவர் வீடு பார்க்க வருவதாக இருந்தது. பெரியவர் மஞ்சளைக் கழுவிவிட்டு, காலண்டரைத் திரும்ப மாட்டினால் யாருக்குத் தெரியும்?

மறுபடி போனபோது கொல்லை முழுக்கத் தோண்டிக் கிடந்தது. புதுப் பைப் போட்டு, கிணற்றை இறைத்துத் தூர் வாரியிருந்தார் பெரியவர்.

"அந்த ஞாயித்துக்கெழம ஆளு?" என்று கேட்டேன்.

"வந்தாரும்மா. கெணத்த எட்டிப் பாக்கச் சொன்னேன். காபிகூட வேணான்ட்டுப் போய்ட்டாரு."

பெரியவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிடாமல், மிச்சமிருந்த மஞ்சளில் பாதியைக் குளியலறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் கிணற்றில் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

"கெணறு சுத்தமா கீது" என்று உள்ளேயிருந்து கத்தினார். "அங்க இன்னா ஆச்சு?"

 மஞ்சள் தண்ணீர் என் காலடியில் சாக்கடையோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். மீதி மஞ்சளை அந்தக் கையோடு நிலைப்படியில் பூசினேன்.