வசந்தகுமாரி அக்காவின் மூக்கு

அமீரகத்தில் ராஸ் அல் கைமா கரையிலிருந்து படகில் இருபது நிமிடம் போனால் ஒரு தீவு வரும். தீவு என்று நான் சொல்வது மரியாதைக்காக. ஒரு சின்ன ஹோட்டல், நாற்பது பேரீச்ச மரம், வெள்ளைக்காரர்கள் வெயிலில் காய ஒரு மணல்திட்டு, அதற்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் எங்கள் ஜின் வடிந்தது. லைசென்ஸ் வாங்கி, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, முறையாக வடித்த சரக்கு.

இந்தத் தொழிலில் சம்பந்தப்பட்ட ஐந்து பேரில் நான்கு பேர் குடிப்பதே இல்லை. படகு ஓட்டும் நான் சாதிக் பாட்ஷா, கீழக்கரைக்காரன். எனக்கு மார்க்கம் தடை. முதலாளி அம்மார் லெபனான்காரர். அவருக்கு டாக்டர் தடை. மாஸ்டர் கல்யாணசுந்தரம் சாருக்கு மனைவி தடை. அந்த மனைவி வசந்தகுமாரி அக்காவுக்கு யாரும் தடை போடவே வேண்டாம். குடித்தவன் எதிரே வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். மிச்சம் இருந்த ஒரே ஆள் சரக்குக் காய்ச்சும் கொப்பரையைப் பார்த்துக்கொண்ட பொன்னுச்சாமி. எங்கள் நாலு பேர் பங்கையும் சேர்த்து அவர் குடித்தார்.

அக்காவின் மூக்கைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சாரிடமிருந்து தொடங்கினால்தான் கதை புரியும்.

சார் திருச்சிக்காரர். இங்கே ஒரு டைல்ஸ் கம்பெனி லேபில் இருபத்திரண்டு வருஷம் சாயம் கலந்தார். ஹோட்டல் பாத்ரூம் டைல்ஸில் நிறம் மாறிவிட்டது என்று அம்மார் சண்டைக்குப் போனபோது, சமாதானம் பேச வந்தவர் இவர்தான். அந்தப் பேச்சு எப்படியோ டைல்ஸிலிருந்து ஜின்னுக்குத் தாவியது. தீவின் பேர் போட்ட சரக்கு ஒன்று இருந்தால் விருந்தாளிகள் ஆசையாக வாங்கிப் போவார்கள் என்றார் அம்மார். கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றார் சார். 2016இல் டைல்ஸ் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தது. அடுத்த மாதமே சாரும் ஒரு செம்புக் கொப்பரையும் என் படகில் தீவுக்கு வந்து இறங்கினார்கள்.

வீட்டில் 'எசன்ஸ் தயாரிப்பு' என்று சொல்லி வைத்திருந்தார். திருச்சி சொந்தக்காரர்களுக்கு 'வாசனைத் திரவியம்'. இரண்டாவது மாதம் துவைக்கப் போட்ட சட்டையை அக்கா எடுத்தார், மோந்தார், அவ்வளவுதான். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நான்காம் நாள் கற்பூரம் ஏற்றி வைத்து, ஒரு சொட்டுகூட விழுங்கமாட்டேன் என்று அதை அணைத்து சத்தியம் செய்யச் சொன்னார். சார் செய்தார். நாக்கில் வைத்துத் துப்பினால் சத்தியம் மீறியதாகாது என்று எனக்கு மட்டும் விளக்கம் சொன்னார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் நன்றாகவே வடித்தார். வெளிநாட்டிலிருந்து மூட்டையில் வரும் ஜூனிபர் காயோடு, நம் கொத்தமல்லி விதை, இந்த ஊர் சூக் சந்தையில் விற்கும் காய்ந்த கறுப்பு எலுமிச்சை, ஓமன் சலாலாவிலிருந்து வரும் லுபான் என்கிற குந்திரிக்கப் பிசின் ஆகியவற்றைச் சேர்ப்பார். முதலில் வடிவது நெயில் பாலிஷ் நாற்றம் அடிக்கும், கொட்டிவிட வேண்டும். நடுவில் வருவதுதான் சரக்கு. கடைசியில் ஈரச் சாக்கு நாற்றம் தொடங்கும். அதற்குள் நிறுத்திவிட வேண்டும். எப்போது பிடிப்பது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் முழு வித்தையும். மெஷினுக்கு அது தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும்.

2020இல் கொரோனா வந்தது. ஹோட்டலை மூடிவிட்டு ஐந்து மாதம் கை கழுவும் சானிடைசர் காய்ச்சினோம். அதற்குள் சாருக்கும் கொரோனா வந்துபோனது. போகும்போது அவருடைய மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. டாக்டர் மூன்று மாதத்தில் திரும்பும் என்றார். மூன்று மாதம் கழித்து சார் பெருங்காய டப்பாவுக்குள் முகத்தை நுழைத்து, டப்பா காலியா என்று கேட்டார்.

ஹோட்டல் திறந்ததும் குத்துமதிப்பாக ஒரு கொப்பரை வடித்தார். விருந்தாளி ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, இதில் நாயைக் குளிப்பாட்டினீர்களா என்று கேட்டார். அம்மார் கொட்டகைக்கு வந்து கத்தினார்.

"மாஸ்டர், இன்னொரு தடவை இப்படி வந்தா கலாஸ், கொட்டகைய மூடிடுவேன்! ஜெட் ஸ்கீ நிறுத்துறதுக்கு எனக்கு இடம் இல்லாம இருக்கு."

மறுநாள் சார் சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமல் வந்துவிட்டார். அதைக் கொடுக்க அக்கா என் படகில் வந்தார். தீவில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கொட்டகை வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

"ஏங்க, இவ்வளவு நேரம் நல்ல மணம் வந்துது. இப்ப ஈரச் சாக்கு நாத்தம் வருதே, இதையும் எதுக்கு அதோட சேக்கிறீங்க?"

சார் ஓடிப்போய்க் குழாயைத் திருப்பினார். அந்தக் கொப்பரையில் வந்ததுதான் நான்கு வருஷத்தில் சிறந்த சரக்கு என்று விருந்தாளிகள் சொன்னதாக அம்மார் சொன்னார்.

இந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாள் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் சாமிக்குப் படைத்த பிறகுதான் சாப்பாடாம். படைப்பதற்கு முன்னால் உப்பு பார்க்கக்கூட ஒரு துளி நாக்கில் வைக்கக் கூடாது. எனவே சாம்பாரில் உப்பு போதுமா, ரசத்தில் புளி ஏறியதா என்பதையெல்லாம் ஆவியிலேயே கண்டுபிடிக்கப் பழகிவிட்டார். மோந்து பார்ப்பதும் தப்புதான் என்று கறாராகச் சொல்பவர்கள் உண்டாமே என்று கிளறினேன்.

"நானா போய் மோந்தாதான் தப்பு, பாய். ஆவி தானா வந்து மூக்குல ஏறினா நான் என்ன பண்ணட்டும்?"

அன்றிலிருந்து வடிக்கும் நாளெல்லாம் அக்கா வந்தார். ஆனால் மாஸ்டர் பட்டம் சாருடையது. வெள்ளைக் கோட்டும் அவருடையது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகள் வேடிக்கை பார்ப்பார்கள். சார் குவளையைத் தூக்கி, கண்ணை மூடி, ஏதோ கச்சேரி கேட்பவர் போலத் தலையை ஆட்டுவார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் பூ கட்டியபடி அக்கா உட்கார்ந்திருப்பார். இருமிக் காட்டுவதுதான் முதல் ஏற்பாடு. அந்தக் காலத்தில் இருமினால் தீவே காலியாகிவிடும் என்பதால் வளையலுக்கு மாற்றினார்கள். ஒரு தடவை ஆட்டினால் பிடி. இரண்டு தடவை ஆட்டினால் நிறுத்து. விருந்தாளிகள் கை தட்டுவார்கள். சார் குனிந்து வணங்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவோ, "பாவம், மூக்குதான் போச்சு, பேராவது இருக்கட்டுமே" என்பார்.

போன வருஷம் அக்டோபரில் சார் அறிவித்தார்: வயது அறுபத்தைந்து ஆகிறது, ஜனவரி கடைசியோடு விசா முடிகிறது, திருச்சிக்குத் திரும்புகிறோம். அம்மார் அழவெல்லாம் இல்லை. அடுத்த ஆள் இதே சரக்கை இதே மாதிரி வடித்தால் கொட்டகை இருக்கும், இல்லையென்றால் ஜெட் ஸ்கீ வரும் என்றார். மகன் நிதினுக்குக் கனடாவில் வேலை; மகள் ரக்ஷிதா போனில், "அப்பா, ப்ளீஸ், நோ" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது பொன்னுச்சாமி.

பொன்னுச்சாமி கமுதிப் பக்கம். ஒன்பது வருஷம் கல் குவாரியில் தூசி தின்றுவிட்டு இங்கே வந்தவர். கொட்டகை மூடினால் திரும்பவும் குவாரிதான். கொப்பரை வேலை முழுக்க அத்துப்படி. குறை ஒன்றே ஒன்று. வடிவதை வாயில் ஊற்றித்தான் பதம் பார்ப்பார். மூன்றாவது வாய்க்குப் பிறகு அவருக்கு ஈரச் சாக்கும் பன்னீராகத்தான் தெரியும்.

"இவரை நம்பி விட்டுட்டுப் போறதுக்கு ஜெட் ஸ்கீயே வரட்டும்" என்று அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டார். சார் முகம் விழுந்துபோனது. டைல்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தும் ஒரு டைல்ஸில்கூடத் தன் பேர் இல்லை, தனக்கென்று செய்தது இந்தக் கொட்டகை ஒன்றுதான் என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

கார்த்திகை முதல் தேதி பொன்னுச்சாமி கறுப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக என் படகில் ஏறினார். துபாய் அல் குசைஸில் ஒரு குருசாமியிடம் போய் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். சாராயம் காய்ச்சும் வேலை நிலைக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பில் படகு திசை மாறிவிட்டது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாலையைப் போட்டுக்கிட்டு இங்க வந்து நிக்கலாமா சாமி? அபச்சாரம் இல்லையா?"

"குடிக்கக் கூடாதுண்டுதேன்க்கா சொல்லிருக்கு. காச்சக் கூடாதுண்டு யாரும் சொல்லலையே!"

ஆவிக்கே வழக்காடிய அக்கா, பூவை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போய்விட்டார்.

நாக்கு கட்டுப்பட்டதும் பொன்னுச்சாமிக்கு வேறு வழியில்லாமல் போனது. குழாயடியில் நின்று மோப்பம் பிடிக்கத் தொடங்கினார். அக்கா ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை; அவரும் கேட்கவில்லை. ஆனால் வளையல் சத்தம் கேட்கும் போதெல்லாம் நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பதை நான் பார்த்தேன். அந்த ரகசியம் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஊரை ஏமாற்றுகிறோம் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் கடைசியில் அம்மார் பரீட்சை வைத்தார். மாஸ்டர் ஒரு கொப்பரை, பொன்னுச்சாமி ஒரு கொப்பரை. இரண்டையும் இரண்டு குவளையில் நான் ஊற்றி வைக்க வேண்டும், தன்னுடையது எது என்று மாஸ்டர் சொல்ல வேண்டும்; அவருக்கே வித்தியாசம் தெரியாவிட்டால் கொட்டகை பிழைக்கும், தெரிந்துவிட்டால் மூடல். குடிக்காதவன் என்பதால் ஊற்றும் பொறுப்பு எனக்கு.

அன்று காலை படகில் சார் அக்காவிடம் கெஞ்சினார். "வசந்தா, எது உன்னோடதுன்னு உனக்குத் தெரிஞ்சிடும். மாத்தி ஆட்டிடேன். யாருக்கும் நஷ்டமில்ல."

"சாமிக்குப் படைக்கிறதுல ஒருநாள்கூடப் பொய் சொன்னதில்ல இந்த மூக்கு. உங்க சரக்குக்காகச் சொல்லுமா?"

"அப்ப நானே மாத்திச் சொல்லிடுறேன்."

"சொல்லுங்களேன் பார்ப்போம்" என்றார் அக்கா. சார் வாயை மூடிக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் அது.

நான் இடது பக்கக் குவளையில் அக்காவுடையதையும் வலது பக்கம் பொன்னுச்சாமியுடையதையும் ஊற்றினேன். தன்னுடையது இடது என்றால் அக்கா வளையலை ஒரு தடவை ஆட்ட வேண்டும், வலது என்றால் இரண்டு தடவை. எதை சார் காட்டினாலும் அது பொன்னுச்சாமியுடையது என்று சொல்லிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அல்லாஹ் மன்னிப்பான், ஜெட் ஸ்கீ வந்தால் என் படகுக்கும் வேலை குறையும். சார் இரண்டையும் தூக்கித் தலையாட்டினார். அக்கா மேஜையைத் துடைக்கிற சாக்கில் கிட்டே வந்தார். இடதில் ஒரு மூச்சு. வலதில் ஒரு மூச்சு. மறுபடி இடதில். இவ்வளவு நேரம் அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. பொன்னுச்சாமி சுவரோரம் மாலையைப் பிடித்துக்கொண்டு உதடு அசைய நின்றார்.

வளையல் இரண்டு தடவை ஒலித்தது. சார் துவண்டுபோன குரலில் வலது குவளையைக் காட்டினார். "இதுதான் நான் வடிச்சது."

நான் பொய் சொல்லவே தேவையில்லாமல் போனது.

"மாஃபி மாஸ்டர், இல்லவே இல்ல" என்றேன். "அது சாமியோடது."

அம்மார் மேஜையில் ஓங்கி அடித்துச் சிரித்தார். "சாமியே சரணம் ஐயப்பா!" என்று பொன்னுச்சாமி போட்ட சத்தத்தில் நீச்சல் குளத்திலிருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டியவர், முகத்தில் அடி வாங்கியவர் போல நின்றார்.

திரும்பும்போது சார் மெல்ல, "மாத்தி ஆட்டினியா?" என்றார்.

"இல்லீங்க. சத்தியமா அதுதான் என்னோடதுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அக்கா அழுதார். நான்கு வருஷமாகப் பேர் வாங்காதபோது அழாத மனுஷி அவர்.

அதோடு முடியவில்லை. பொன்னுச்சாமி லீவு போட்டு மலைக்குப் போய் மாலையைக் கழற்றிவிட்டு வருவார் அல்லவா? கழற்றிய கையோடு குவளையை எடுத்தால் எல்லாம் பழைய கதைதான். ஜனவரி முப்பதாம் தேதி, ஊருக்குக் கிளம்ப ஒருநாள் இருக்கும்போது, அக்கா கடைசியாக ஒரு தடவை கொட்டகைக்கு வந்தார். பொன்னுச்சாமி வெறும் கழுத்தும் சட்டையுமாகக் குழாயடியில் நின்றார்.

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பூ கட்டவில்லை. இடது கையால் வலது கை வளையல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. பொன்னுச்சாமி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், புரிந்துகொண்டார், குழாய் பக்கம் திரும்பிவிட்டார்.

வடிந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வடிந்தது. பொன்னுச்சாமி குவளையில் கொஞ்சம் பிடித்தார். முகத்துக்கு நேராகத் தூக்கினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் மோந்தார், தரையில் கொட்டினார், குழாயைத் திருப்பினார். அக்கா எழுந்து, "யல்லா பாய், படகை எடுங்க" என்றார்.

பாதி தூரம் போன பிறகுதான் அவர் கையை விட்டார். மணிக்கட்டில் வளையல் அழுந்திய தடம் சிவந்து கிடந்தது. சரியாகத்தான் நிறுத்தினாரா என்று கேட்டேன்.

"நானா இருந்தா இன்னும் ஒரு மூச்சு நேரம் வடிய விட்டிருப்பேன்" என்றார் அக்கா. "அவர் நிறுத்தினதுதான் சரி."